கையில் ஒட்டும் சர்க்கரைக் கருவி: யாருக்குத் தேவை? யாருக்கு வீண் செலவு?



நம் கெடா மாநிலத்தில் வியாழக்கிழமை பள்ளி விடும் நேரமென்றால் ஒரு தனிக் கலகலப்புதான். மறுநாள் வெள்ளியும் அதற்கடுத்த சனியும் விடுமுறை அல்லவா! சென்ற மாதம் அப்படியொரு வியாழக்கிழமை, பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் எனக்காகக் காத்திருந்தார். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர். காலணியில் மண்கூட இன்னும் காயவில்லை.

கைத்தொலைபேசியை நீட்டினார். "டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இனிப்பு நீரு. இதைக் கையில ஒட்டிக்கிட்டா விரலைக் குத்தவே வேணாமாம். கூட்டுப் பணம் எடுத்திருக்கேன். ரெண்டு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"விலை எவ்வளவும்மா?"

"ரெண்டும் சேர்த்து நானூத்தி எண்பது வெள்ளி, டீச்சர்."

"எத்தனை நாளைக்கு வரும்?"

அவர் விழித்தார். "ஒரு தடவை வாங்கினா போதும்னு நினைச்சேன்" என்றார்.

படித்துப் பார்த்தேன். ஒரு கருவி 14 நாள் வேலை செய்யும். அதன் பிறகு கழற்றி எறிந்துவிட வேண்டியதுதான். நானூற்று எண்பது வெள்ளி நான்கே வாரத்தில் கரைந்துவிடும். இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப இது ஏமாத்து வேலையா டீச்சர்?" என்று கேட்டார்.

இல்லை, ஏமாற்று வேலை இல்லை. என் சொந்தத் தாயாரை ஆபத்திலிருந்து காத்த கருவி அது. ஆனால் அந்த அம்மாவின் கணவருக்கு அது அப்போது தேவைப்படவில்லை. ஒரே கருவி ஒரு வீட்டில் உயிர் காக்கிறது, மற்றொரு வீட்டில் பணத்தைக் கரைக்கிறது. இந்த வேறுபாட்டை நம் தோட்டத்துக் குடும்பங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் நோய்

முதலில் ஒரு கணக்கு. 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியே கணக்கிட்டால் 100 பேரில் 31 பேர்! மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இன்னொரு செய்தியையும் கேளுங்கள். அந்த 18 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், தெரியாமலே நோயைச் சுமப்பவர்கள் இன்னும் ஏராளம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இந்த நோய் புதிதன்று. தோட்ட மருத்துவமனை டிரஸ்ஸர் சிறுநீரில் நீல மருந்தைக் கலந்து சூடேற்றிப் பார்ப்பார். நிறம் நீலமாகவே இருந்தால் கவலையில்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் சர்க்கரை மிகுதி. பிறகு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் பார்க்கும் சிறு கருவி வந்தது. இப்போது மூன்றாவதாக வந்திருப்பதுதான் கையில் ஒட்டும் கருவி. ஆங்கில எழுத்துகளில் சி.ஜி.எம். என்பார்கள். மருந்துக்கடையில் 'சென்சர்' என்று கேட்டால் போதும்.

இதற்கான முதல் கருவிக்கு அமெரிக்க அரசு 1999-இல் அனுமதி வழங்கியது. அப்போது அது மருத்துவர்களின் கையில் மட்டுமே இருந்தது. 2014-இல் அபோட் நிறுவனத்தின் ஃபிரீஸ்டைல் லிப்ரே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த பிறகு சாதாரண மக்களிடமும் பரவத் தொடங்கியது. இத்துறையின் மற்றொரு பெரிய நிறுவனமான டெக்ஸ்கோம் எங்கே தொழிற்சாலை வைத்திருக்கிறது தெரியுமா? நம் பக்கத்தில்தான், பத்து காவானில்! கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பகுதிகளிலிருந்து போகப் பாலம்கூடத் தாண்ட வேண்டியதில்லை.

பெரட்டும் நாள் முழுதும்

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்ட வில்லை. மேல் கையின் பின்புறத்தில் ஒட்ட வேண்டும். அதன் அடியில் முடியைப் போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் அரை சென்டிமீட்டர் அளவு நுழைந்திருக்கும். அந்த இழையில் பூசப்பட்ட நொதி, தோலுக்கடியில் ஊறும் நீரிலுள்ள குளுக்கோஸோடு சேரும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. சர்க்கரை அதிகமானால் மின்னோட்டமும் அதிகமாகும். அதை எண்ணாக மாற்றிக் கைத்தொலைபேசியில் காட்டுகிறது.

விரல் குத்திப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தோட்டத்தில் காலைப் பெரட்டு இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். மண்டோர் பெயர் கூப்பிடும்போது எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பத்து மணிக்கு யார் மரத்தடியில் படுத்திருந்தார், யார் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பெரட்டுப் புத்தகத்துக்குத் தெரியாது. விரல் குத்துவது பெரட்டு. கையில் ஒட்டும் கருவியோ நாள் முழுதும் கூடவே நடக்கும் மண்டோர். இரவு மூன்று மணிக்கும் அது விழித்திருக்கும்.

கிளினிக்கில் மூன்று மாதத்திற்கொரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. என்ற சோதனையும் உண்டு. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியை அது சொல்லும். மிக நல்ல சோதனை. ஆயினும் சராசரிக்குள் சில உண்மைகள் ஒளிந்துகொள்ளும். ஒரு மாதம் மூவாயிரம் வெள்ளியும் மறுமாதம் நானூறு வெள்ளியும் சம்பளம் வாங்கினால் சராசரி ஆயிரத்து எழுநூறு. ஏட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த நானூறு வெள்ளி மாதத்தில் அடுப்பு எரிந்ததா என்பதை ஏடு சொல்லாது.

என் தாயாருக்கு நேர்ந்ததும் இதுதான்.

அம்மாவின் இரவுகள்

என் அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் மரம் சீவியவர். இப்போது எழுபத்திரண்டு வயதாகிறது. என்னோடு பட்டணத்தில் இருக்கிறார். இரவில் இன்சுலின் ஊசி, பகலில் மாத்திரை. எச்.பி.ஏ.1.சி. 6.9 என்று வந்தபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். காலையில் விரல் குத்திப் பார்த்தாலும் ஐந்து, ஐந்தரை என்றுதான் காட்டும்.

ஆனால் அம்மா விடியற்காலையில் வியர்த்து எழுவார். தலை சுற்றுகிறது என்பார். ஒருநாள் குளியலறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "வயசாச்சுல்ல, விடும்மா. காத்தாடியை வேகமா வை, சரியாப் போயிடும்" என்றார். நானும் வயதின் தளர்ச்சி என்றே இருந்துவிட்டேன். படித்தவள்தான், ஆசிரியைதான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னிடம் உண்டு.

பினாங்கில் வேலை செய்யும் என் தம்பிதான் ஒரு கருவியை வாங்கி வந்து ஒட்டினான். ஒரே வாரத்தில் உண்மை வெளிப்பட்டது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் சர்க்கரை 3.5-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, ஒருநாள் இருநாள் அன்று, ஏழு இரவுகளில் ஐந்து இரவு! மதியம் சோறு சாப்பிட்ட பிறகோ 14-க்கு ஏறியது. கீழே போனதும் மேலே போனதும் கலந்து சராசரி அழகாகத் தெரிந்திருக்கிறது.

இரத்தச் சர்க்கரை 3.9-க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. 3.0-க்குக் கீழே போனால் ஆபத்து. தூக்கத்திலேயே நினைவிழக்கலாம், வலிப்பு வரலாம். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு.

அந்த வரைபடத்தைக் கிளினிக்கில் காட்டினோம். மருத்துவர் பார்த்துவிட்டு இரவு இன்சுலினைக் குறைத்தார். மதியச் சோற்றின் அளவையும் குறைக்கச் சொன்னார். இரண்டாவது கருவி ஒட்டியபோது இரவுகள் நேராகியிருந்தன. அதன்பின் நாங்கள் தொடர்ந்து வாங்கவில்லை. மருந்து மாறும்போது மட்டும் ஒன்று வாங்கிப் பார்க்கிறோம். அம்மா இப்போது விடியற்காலையில் எழுந்து தாமே தேநீர் கலக்கிக் குடிக்கிறார், சீனி இல்லாமல்தான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு கருவி திடீரென்று 2.9 என்று காட்டியது. பதறிப்போய் அம்மாவை எழுப்பினோம். விரல் குத்திப் பார்த்தால் 6.1! காரணம் என்ன? அம்மா அந்தக் கைமேலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தார். கருவி அழுந்தினால் அவ்விடத்து நீரோட்டம் குறைந்து பொய்யாகத் தாழ்ந்த எண்ணைக் காட்டுமாம். எனவே எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்திப் பாருங்கள். 'விரல் குத்தவே வேண்டாம்' என்ற விளம்பரம் முழு உண்மையன்று.

யாருக்கு அவசியம்?

முதலாவது, சிறு வயதிலேயே இனிப்பு நீர் வந்து, முழுக்க முழுக்க இன்சுலினையே நம்பியிருக்கும் பிள்ளைகள். முதல் வகை நீரிழிவு என்பார்கள். 1922-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடும்வரை, இத்தகைய பிள்ளைகள் பிழைப்பதே அரிது. இன்று அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள், ஓடியாடுகிறார்கள். ஓடியாடும்போதுதான் சர்க்கரை சட்டென்று இறங்கும். அந்தப் பிள்ளைக்கு எச்சரிக்கை மணி உள்ள கருவி பெரிய துணை. மாணவர்கள் பள்ளிக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்ற விதி இருப்பதால், பெற்றோர் தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கருவியைப் படிக்கும் தனிச் சாதனமும் சில வகைகளில் உண்டு. மறைக்காதீர்கள், பெற்றோர்களே! எங்களுக்குத் தெரிந்தால்தான் நாங்கள் உதவ முடியும்.

இரண்டாவது, நாளுக்குப் பலமுறை இன்சுலின் போடுகிறவர்கள். மூன்றாவது, என் அம்மாவைப் போல இரவில் தாழ்நிலைக்குப் போகிறவர்கள், போனதே தெரியாதவர்கள். தனியாக வாழும் முதியவர்களையும், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மரம் சீவவோ குலை வெட்டவோ போகிறவர்களையும், லோரி ஓட்டுகிறவர்களையும் இதில் சேர்க்கலாம். நான்காவது, இனிப்பு நீரோடு கருவுற்றிருக்கும் தாய்மார்கள். இவர்கள் மருத்துவரின் யோசனைப்படி நடக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை நீண்ட நேர இன்சுலின் போடுகிறவர்களுக்கும் பயன் உண்டு. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இப்படிப்பட்ட 175 பேரை எட்டு மாதம் பின்தொடர்ந்தார்கள். கருவி அணிந்தவர்களின் எச்.பி.ஏ.1.சி. 9.1-லிருந்து 8.0-க்கு இறங்கியது. விரல் குத்திப் பார்த்தவர்களுக்கும் 9.0-லிருந்து 8.4-க்கு இறங்கியது. பாருங்கள், விரல் குத்துவதும் வீணன்று! கருவி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உதவியது, அவ்வளவே.

யாருக்குக் காத்திருக்கலாம்?

மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தாழ்நிலை வருவது அரிது. இவர்களுக்கு மாதந்தோறும் கருவி தேவையில்லை. வேண்டுமானால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, எந்த உணவு உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று படிப்பதற்காக ஒட்டிப் பார்க்கலாம்.

இனிப்பு நீரே இல்லாதவர்கள் உடல்நலத்துக்காக அணிவதும் இப்போது நாகரிகமாகி வருகிறது. அமெரிக்காவில் 2024-இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய கருவிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். டெக்ஸ்கோமின் ஸ்டெலோ அவற்றுள் ஒன்று. இன்சுலின் போடாத பெரியவர்களுக்கு மட்டுமே அது. நலமாக இருப்பவரின் சர்க்கரையும் சாப்பிட்ட பின் ஏறி இறங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து சோற்றையும் பழத்தையும் ஒதுக்கிப் பட்டினி கிடப்பவர்களும் இருக்கிறார்கள். நலமானவர் இதை அணிவதால் நோய் வராமல் தடுக்கலாம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பணத்தில் கீரையும் மீனும் வாங்கலாம். மாலையில் அரை மணி நேரம் நடப்பதற்குக் காசே வேண்டாம்.

உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இதை வாங்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் சோதிக்கலாம். அரசாங்கத்தின் உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. எத்தனை பேர் போயிருக்கிறோம்?

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? மருந்துக்கடையில் கீழ்க்கண்டவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒன்று: எத்தனை நாள் வரும்? லிப்ரே, சிபயானிக்ஸ் ஆகியவை 14 நாள். சினோகேரின் ஐகேன் 15 நாள். டெக்ஸ்கோம் ஜி6 10 நாள். விலையை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 240 வெள்ளிக் கருவியை ஆண்டு முழுதும் அணிந்தால் 26 கருவி, 6,240 வெள்ளி! 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். அதில் கால் பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். கடன் வாங்கி ஒட்ட வேண்டிய கருவி அன்று இது.

இரண்டு: என் கைத்தொலைபேசியோடு சேருமா? சில கருவிகளைத் தொலைபேசியை அருகில் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். அதற்கு என்.எஃப்.சி. என்ற வசதி வேண்டும். விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றில் அது கிடையாது. பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்தால் பயனில்லை. தொலைபேசியைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாங்குங்கள்.

மூன்று: தாழ்நிலைக்குப் போனால் மணி அடிக்குமா? எல்லாக் கருவியும் அடிக்காது. நாம் பார்க்கும்போது மட்டும் எண் காட்டும் பழைய வகையும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் மணி அடிக்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு: எந்த அளவில் காட்டும்? நம் நாட்டில் மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. நம் 3.9 அங்கே 70. நம் 10 அங்கே 180. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வந்த கருவி 110 என்று காட்டினால் மயங்கி விழாதீர்கள், அது நம் 6.1-தான்! வெளிநாட்டுக் கருவி இங்குள்ள செயலியோடு சேராமலும் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்து: பதிவு பெற்றதா? 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டப்படி, நம் நாட்டில் விற்கும் கருவிகள் மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெட்டியில் பதிவு எண்ணைப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஆறு: தோலையே துளைக்காமல் சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விற்கிறார்களே, அவற்றை நம்பலாமா? நம்பவே கூடாது. அப்படிப்பட்ட எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பொய் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

நம் வெயிலும் வியர்வையும்

கருவியின் பெட்டியைச் சூட்டில் வைக்கக் கூடாது. வகைக்குத் தக்கபடி 25 முதல் 30 பாகை வெப்பத்துக்குள் வைக்கச் சொல்வார்கள். நம் தகரக் கூரை வீடும் மோட்டார் சைக்கிள் பெட்டியும் மதியத்தில் அடுப்பாகிவிடும். வீட்டில் குளிர்ந்த மூலையைப் பாருங்கள்.

ஒட்டுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் தேய்த்த கையில் ஒட்டாது. வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வியர்வையில் ஓரம் கிளம்பும். மேலே ஒட்டும் தனிப் பட்டி கிடைக்கிறது. குலை சுமக்கும் கையில் ஒட்டாமல் மறு கையில் ஒட்டுங்கள். குளிக்கலாம், மழையில் நனையலாம். ஆற்றிலும் குளத்திலும் நெடுநேரம் மூழ்கிக் கிடக்க வேண்டாம். அரிப்போ புண்ணோ வந்தால் கழற்றிவிட்டுக் கிளினிக்கில் காட்டுங்கள்.

சில மருந்துகள் எண்ணைக் கெடுக்கும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சில கருவிகளில் இல்லாத சர்க்கரையைக் காட்டும். வேறு சிலவற்றில் அளவுக்கு மீறிய பாராசிட்டமோல் அப்படிச் செய்யும். உள்ளே இருக்கும் தாளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலேயே இருப்பான். ஸ்கேன் எடுக்கப் போனால் கருவி ஒட்டியிருப்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மலையில் பெய்த மழை ஆற்றுத் துறைக்கு வந்துசேரச் சற்று நேரம் ஆவதைப் போல, இரத்தத்தில் நடக்கும் மாற்றம் கருவியில் தெரிய ஐந்து, பத்து நிமிடம் ஆகும். ஆகவே கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் எண்ணுக்காகக் காத்திராமல் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணை என்ன செய்வது?

சுவரில் மாட்டிய நாள்காட்டியைப் போல எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நோய் குறையாது. 2019-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி ஓர் அளவு வகுத்தார்கள். ஒரு நாளில் 100-க்கு 70 பங்கு நேரமாவது சர்க்கரை 3.9-க்கும் 10-க்கும் இடையில் இருக்க வேண்டும். 3.9-க்குக் கீழே 4 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் தளர்ந்தவர்களுக்கும் 50 பங்கு இருந்தாலே போதும். ஆனால் தாழ்நிலை 1 பங்குக்கு மேல் போகக் கூடாது. கருவி இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டும். அதைக் கிளினிக்கில் காட்டுங்கள். நீங்களாக இன்சுலினைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கருவி வாங்க வசதியில்லையா? மனம் தளர வேண்டாம். ஏழு நாள், பதினான்கு சோதனைத் துண்டு. இதுவே ஏழையின் கருவி. ஒருநாள் காலைப் பசியாறலுக்கு முன் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள். மறுநாள் மதியச் சோறு, அடுத்த நாள் இரவுச் சாப்பாடு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பொதுவாகச் சாப்பிடுமுன் 4.4 முதல் 7 வரையிலும், இரண்டு மணி நேரம் கழித்து 8.5-க்குள்ளும் இருந்தால் நல்லது. உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரே சொல்வார்.

அந்தத் தாயார் என்ன செய்தார்?

அந்த உரம் போடும் அம்மாவின் கதையை முடிக்க வேண்டும் அல்லவா! அவர் கணவர் மாத்திரை மட்டுமே சாப்பிடுகிறவர். "முதலில் கிளினிக்கில் எச்.பி.ஏ.1.சி. பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்" என்றேன். 8.8 என்று வந்தது. விரல் குத்தும் கருவியும் ஒரு டப்பா துண்டும் வாங்கினார்கள். பள்ளியில் படிக்கும் மகன் பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்களை எழுதினான்.

நான்காம் நாளே திருடன் அகப்பட்டுவிட்டான். காலை பத்து மணிக்கு ஒட்டுக்கடையில் இரண்டு ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும்! சாப்பிடுமுன் 7.2, இரண்டு மணி நேரத்தில் 13.6. "நான் சோத்தைக் குறைச்சதுதான் மிச்சம். இது இப்படிச் செய்யும்னு யாரு கண்டா?" என்றாராம் அவர். இப்போது வீட்டிலிருந்து இரண்டு தோசையும் பயற்றங்குழம்பும் கொண்டுபோகிறார். தேநீர் 'கோசோங்'. போன வாரம் அதே நேரத்தில் 9.4. இன்னும் இறங்க வேண்டும். ஆனால் இறங்கத் தொடங்கிவிட்டது.

கூட்டுப் பணத்தில் மீதி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அவருக்குக் காலுக்குச் சரியான பூட்ஸ் வாங்கினேன் டீச்சர். பழசுல ஓட்டை. கால்ல முள்ளு குத்தினாக்கூடத் தெரிய மாட்டேங்குதுன்னு சொன்னாரு. கிளினிக் மிஸ்ஸிதான் முதல்ல பூட்ஸை மாத்துங்கன்னு சொன்னாங்க."

நான் சொல்ல மறந்ததை அந்தத் தாதி சொல்லியிருக்கிறார். கால் மரத்துப்போன இனிப்பு நீர்க்காரருக்கு ஓட்டைக் காலணியைப் போல எதிரி வேறில்லை. சிறு புண் பெரிதாகி, காலையே இழந்தவர்கள் நம் லயங்களில் எத்தனை பேர்!

ஆகவே, அன்பர்களே, விளம்பரத்தைப் பார்த்ததும் கூட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். இன்சுலின் போடும் தாயோ பிள்ளையோ வீட்டில் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "எங்களுக்கு இந்தக் கருவி வேண்டுமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள். வேண்டும் என்றால் ஒன்று வாங்கி, அந்த 14 நாளையும் ஒரு பாடப் புத்தகம் போலப் படியுங்கள். வேண்டாம் என்றால் விரலும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். விடியற்காலையில் வீட்டுப் பெரியவர் யாராவது வியர்த்து எழுந்தால் மட்டும், வயதாகிவிட்டது என்று என்னைப் போல இருந்துவிடாதீர்கள்.